நாயோடு பூங்காவுக்கு வருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் பூங்காக்களுக்குள் நாய்களை விடலாமா, கூடாதா என்ற வாக்குவாதம் 2024-க்குப் பிறகு ஓயவே இல்லை. அந்த ஆண்டு மே 5-ஆம் தேதி ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன் பிறகு பெற்றோர்கள் பயப்படுவது முழுக்க முழுக்க நியாயம். ஆனால் பேச்சு எப்போதும் நாயின் இனத்திலேயே வந்து நிற்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. இந்த இழுபறிக்கு நடுவே அன்றாடம் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எந்த இனமானாலும், பூங்காவில் ஒரு நாய் இருக்கும் ஒரு மணி நேரத்தை, அது வீட்டில் கழித்த மீதி 23 மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. நாய்களோடு தினமும் பழகும் நாங்கள் இந்தக் கடிதம் எழுதுவது அதைச் சொல்லத்தான்.

முதலில் வாசல் கேட்டருகே கட்டிப்போடும் பழக்கம். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்து நாய் குரைக்கிறது. அவர் தன் வழியே போய்விடுகிறார். நாயின் கணக்கில், தான் குரைத்ததால்தான் அவர் போனார். ஒரு நாளில் ஐம்பது முறை இந்தப் பாடத்தைப் படிக்கும் நாய், பூங்காவிலும் எதிரே வருகிறவரைப் பார்த்து அதையேதான் செய்யும். அங்கே அவர் விலகிப் போகாவிட்டால் பாய்கிறது. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தெரு கண்ணில் படாத இடத்தில், நிழலில், தண்ணீர் எட்டும் தூரத்தில், சில மணி நேரம் மட்டும் கட்டுங்கள். நாயை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதையும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு குற்றமாகவே சொல்கிறது. நாய் வளர்ப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

நடை என்பது நாய் மலம் கழிக்க மட்டும் என்று நினைப்பதும் தவறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. இரண்டு படுக்கையறை வீட்டில் நாள் முழுக்க அடைத்துவிட்டு மாலையில் பத்து நிமிடம் தெருமுனை வரை கூட்டிப்போனால் அவற்றுக்குப் போதாது. நடுத்தர, பெரிய நாய்களுக்குக் காலையும் மாலையும் தலா அரை மணி முதல் முக்கால் மணி வரை நடை வேண்டும். அதில் பாதி நேரமாவது அது நின்று நிதானமாக மோப்பம் பிடிக்க விடுங்கள். வேகமாக இழுத்துப்போகும் நடையில் கால்தான் களைக்கும். மோப்பத்தில்தான் மனம் அடங்கும். பூங்காவில் பிள்ளைகளின் பந்தைக் கண்டதும் துள்ளிப் பாயும் நாய், பெரும்பாலும் அந்த வாரம் முழுக்கச் சரியாக நடைக்குக் கூட்டிப்போகாத நாயாகவே இருக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வதும் முக்கியம். பாட்டி ‘போடா’ என்கிறார், பேரன் ‘கோ’ என்கிறான், அம்மா ‘வேண்டாம்’ என்கிறார். மூன்றும் ஒரே கட்டளை என்று நாய்க்கு எப்படித் தெரியும்? ‘வா’, ‘இரு’, ‘விடு’ என்ற மூன்றை எல்லோரும் ஒரே தொனியில் சொல்லி, செய்தவுடன் ஒரு விரல் நுனி அளவு தின்பண்டம் கொடுத்தால் போதும். முதலில் கூடத்தில், பிறகு மொட்டை மாடியில், பிறகு ஆளில்லாத தெருவில், கடைசியாகத்தான் பூங்காவில். வீட்டில் நூற்றுக்கு நூறு கேட்கிற நாய் பூங்காவில் பாதிகூடக் கேட்காது. அங்கே அதன் மூக்குக்கும் காதுக்கும் அவ்வளவு வேலை இருக்கிறது. ஆகவே ‘கூப்பிட்டா வந்துடும்’ என்ற நம்பிக்கையில் கயிற்றைக் கழற்றக் கூடாது.

கயிறு என்றதும், கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டிவிடுகிறோம். கூட்டமுள்ள இடத்துக்கு ஏற்றது 4 முதல் 6 அடி நீளமுள்ள தட்டையான நைலான் அல்லது பருத்திக் கயிறு. பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் கயிறு பூங்காவுக்கு ஆகவே ஆகாது. 15 அடி தள்ளிப் போய்விட்ட நாயை ஒரு நொடியில் இழுத்துப் பிடிக்க முடியாது. பூட்டும் பல் தேய்ந்தால் வழுக்கும். அந்த மெல்லிய நூல் குழந்தையின் காலில் சுற்றினால் தோலை அறுத்துவிடும். இரும்புச் சங்கிலியைவிட நைலான் பட்டை நல்லது. ஆனால் கொக்கியை மாதம் ஒருமுறை பாருங்கள். மலிவான வார்ப்பு உலோகக் கொக்கி நம்மூர் உப்புக் காற்றில் அரித்து, நாய் வேகமாக இழுக்கும் நேரத்தில்தான் உடையும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி சில நூறு ரூபாய் கூடுதல். அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள்.

கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்கு இந்தக் கணக்கும் போதாது. அவற்றின் தலை கழுத்தளவே ஒடுக்கம். பயந்து பின்வாங்கினால் சாதாரணப் பட்டை காதைத் தாண்டிக் கழன்று கையில் வந்துவிடும். அவற்றுக்கு மார்ட்டிங்கேல் என்ற அகலமான பட்டை வேண்டும். இழுக்கும்போது ஓரளவுக்கு இறுகும், அதற்கு மேல் இறுகாது. சாலையில் ஓடி வண்டியில் அடிபடும் நாட்டு நாய்களில் இப்படிப் பட்டை கழன்று ஓடியவையும் உண்டு.

யார் பிடிக்கிறார்கள் என்பதும் கயிற்றைப் போலவே முக்கியம். வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். அதை 12 வயதுப் பிள்ளையிடமோ, நாயோடு பழக்கமே இல்லாத வேலைக்காரரிடமோ கொடுத்து அனுப்புவது அந்தப் பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் செய்யும் அநியாயம். பெரிய நாய் இரண்டு இருந்தால் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒன்று பாய்ந்தால் மற்றொன்றும் பாயும். ஒருவரால் இரண்டையும் நிறுத்த முடியாது.

வாய்மூடியில் பலரும் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. துணியில் தைத்த, வாயை இறுக்கி மூடும் வகை மருத்துவர் ஊசி போடும் சில நிமிடங்களுக்கானது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சென்னை வெயிலில் துணி வாய்மூடியோடு அரை மணி நேரம் நடந்தால் நாய் மயங்கி விழலாம். கூடை வடிவ வாய்மூடிதான் வேண்டும். அதற்குள் நாய் வாயை நன்றாகத் திறந்து, நாக்கை நீட்டி, தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். வாங்கிய அன்றே மாட்டினால் காலால் பிய்த்து எறியும். முதல் இரண்டு மூன்று நாள் கூடையின் உட்புறம் கொஞ்சம் தயிரைத் தடவி, அதுவாக மூக்கை நுழைத்து நக்க விடுங்கள். அடுத்த சில நாள் வாரை மாட்டிப் பத்து நொடியில் கழற்றுங்கள். பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஏற்றி, இரண்டு வாரத்தில் நடைக்குப் பழக்கலாம்.

இனி, பூங்கா தொடர்பான புகார்களில் பெரும்பங்கு வகிக்கும் மலம். இதை வெறும் அசிங்கம், நாற்றம் என்ற அளவில்தான் பார்க்கிறார்கள். உண்மையில் இது நாள் கணக்கு பார்க்க வேண்டிய சுகாதாரப் பிரச்சினை. நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றாது. மண்ணில் கிடந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் தொற்றும் நிலைக்கு வரும். வந்துவிட்டால் மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மணலில் விளையாடி அதே கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் போனால், அந்தப் புழுவின் இளம் உயிரி கல்லீரலுக்கும், சில சமயம் கண்ணுக்கும் போய்ச் சேரும். கொக்கிப்புழு இன்னும் வேகம். ஈரமும் சூடும் உள்ள மண்ணில் முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் வெறுங்கால் தோலைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிடும். காலில் சிவந்து, நெளிந்து நெளிந்து போகும் அரிப்புக் கோடு அதனால் வருவதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம் பூங்கா மண் அதற்குத் தோதாகவே இருக்கும். அன்றைய மலத்தை அன்றே அள்ளிவிட்டால் இந்த இரண்டு சங்கிலியும் அங்கேயே அறுந்துபோகும். நாளைக்கு யாராவது பெருக்குவார்கள் என்று விட்டால், துடைப்பம் மலத்தைக் கொண்டுபோகும், முட்டையை மண்ணில் பரப்பிவிடும்.

அள்ளுவதற்குப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. நாளிதழ்த் தாள் ஒன்றை நான்காக மடித்துக் கையில் வைத்திருங்கள். நாய் சுற்றிச் சுற்றி வந்து முதுகை வளைத்துக் குந்தும்போது பின்னாலிருந்து தாளை மெதுவாகக் கீழே தள்ளினால் மலம் மண்ணில் படவே படாது. சில நாய்கள் முதலில் விலகி ஓடும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இளகிப் போயிருந்தால் மேலே உலர்ந்த மணலோ மரத்தூளோ தூவி, ஒரு நிமிடம் கழித்து அட்டையால் வழித்தெடுத்து, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் நாயைப் பூங்காவுக்குக் கொண்டுவருவதே தவறு. பெரும்பாலான நாய்கள் காலையில் எழுந்து நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மலம் கழித்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை வீட்டுக் காம்பவுண்டின் ஒரு மூலையில் கழித்துவிட்டுக் கிளம்பினால் பூங்காவில் பாதிப் பிரச்சினை இல்லை.

அள்ளியதை எங்கே போடுவது? வீட்டுக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவதுதான் சிறந்தது. தாளைக் கழிப்பறையில் போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தாளோடுதான் எறிய வேண்டுமென்றால் டயாபர், நாப்கின் கழிவைப் போலத் தனியாகச் சுற்றிக் கொடுங்கள். மக்கும் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில்தான் அது போய்ச் சேரும். மழைநீர் வடிகாலுக்குள் தள்ளுவது அதைவிட மோசம். அந்த வடிகால் நேராகக் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும்தான் திறக்கிறது. வீட்டுக் கீரைப் பாத்திக்கு உரமாகவும் போடாதீர்கள்.

குடற்புழு மருந்து இதன் மறுபாதி. குட்டிகளுக்கு உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே தொற்றிவிடுவதால், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். போன ஆண்டு எடைக்கு எழுதிய அளவையே இந்த ஆண்டும் கொடுப்பது சரியல்ல.

தடுப்பூசி அட்டவணை கால்நடை மருத்துவர் சொல்வார். ஆனால் குட்டி வாங்கியவர்கள் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். ஆகவே 16 வாரத்தை ஒட்டிய கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைப் பூங்கா மண்ணில் விடக் கூடாது. அதே நேரம், மனிதரையும் வண்டிச் சத்தத்தையும் மற்ற நாய்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும் பருவம் 3 முதல் 14 வாரம் வரைதான். ஐந்தாம் மாதம் வரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்த குட்டி நோயிலிருந்து தப்பும். ஆனால் பார்த்ததற்கெல்லாம் மிரளும் நாயாகிவிடும், மிரளும் நாய்தான் கடிக்கும். இரண்டையும் காப்பாற்றும் வழி, குட்டியைத் தோளிலோ கூடையிலோ தூக்கிக்கொண்டு பூங்கா வாசல், பேருந்து நிறுத்தம், கோவில் தெரு என்று தினமும் காட்டுவது. தரையில் மட்டும் விடாதீர்கள்.

அடுக்ககங்களில் லிஃப்ட்தான் சண்டைக்களம். முதலில் நீங்கள் நுழைந்து, நாயை மூலையில் உட்காரவைத்து, நாய்க்கும் கதவுக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். கதவு திறக்கும் நொடியில் கயிறு முழங்கால் உயரத்துக்கு மேல் தளர்வாக இருக்கக் கூடாது. உள்ளே வர ஒருவர் தயங்கினால் நீங்கள் வெளியே வந்து அவரைப் போகவிட்டு, அடுத்த முறை போங்கள். ஆண் நாய்கள் கார் டயரிலும் தூணிலும் சிறுநீர் விடும் இடத்தைப் பினாயிலால் மட்டும் துடைத்தால் நமக்கு நாற்றம் போகும், நாயின் மூக்குக்குப் போகாது. நாளையும் அங்கேயே வரும். முதலில் தண்ணீரால் அலசி, சம அளவு தண்ணீர் கலந்த வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, காய்ந்த பின் சமையல் சோடா தூவிப் பெருக்குங்கள். சிறுநீர் மேல் நேரடியாக பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது. மூச்சைத் திணறவைக்கும் வாயு கிளம்பும்.

உணவில் ஒன்றே ஒன்று. மிஞ்சிய சாம்பார் சாதத்தை நாய்க்கு வைக்காதீர்கள். சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே நஞ்சாகப் போதும். திராட்சை, சாக்லேட், நமக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரை எல்லாம் இதே பட்டியல்தான்.

வெயில் காலத்தில் காலை 7 மணிக்குள்ளும், மாலை தரை ஆறிய பிறகும் மட்டுமே நடை. புறங்கையைச் சாலையில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. பக், ஷிட்சு, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். தள்ளாடினால், ஈறு கருஞ்சிவப்பானால், நிழலில் கிடத்திக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பூங்காவில் யாராவது பயந்து ஒதுங்கினால் நாம் உடனே சொல்வது, ‘ஒண்ணும் பண்ணாதுங்க’. அவருக்கு அந்த வார்த்தையால் ஒரு பயனும் இல்லை. கயிற்றைச் சுருக்கி, நடைபாதையிலிருந்து ஏழெட்டு அடி விலகி நின்று, அவர் கடந்து போகும்வரை நாயை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தொட ஆசைப்பட்டால் முதலில் பெற்றோர் சம்மதம், பிறகு நாயின் சம்மதம். நாயாக முன்வந்து மோந்து, உடலைத் தளர்த்தி நின்றால் மார்பிலோ தோளிலோ தடவலாம். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகக் கூடாது. உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடல் விறைத்து வாலை அசையாமல் பிடிப்பது எல்லாம் ‘போதும், விலகு’ என்பதற்கான அடையாளங்கள். உறுமினால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

எல்லாவற்றையும் மீறிக் கடி விழுந்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நாய் தடுப்பூசி போட்டதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வெறிநாய்க்கடி (ரேபீஸ்) தடுப்பூசி, முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டால், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28-ஆம் நாள்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு, காயத்தைச் சுற்றி, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். ஊசி தொடங்கிவிட்டது என்று இதை விட்டுவிடக் கூடாது. நாயின் சொந்தக்காரர் அந்த இடத்தைவிட்டு நழுவுவதுதான் மிகப் பெரிய குற்றம். தடுப்பூசி அட்டையின் படத்தையும் தன் எண்ணையும் கடிபட்டவரிடம் கொடுத்து, நாயைப் பத்து நாள் வீட்டில் தனியே வைத்துக் கண்காணித்துச் சொல்ல வேண்டும். வளர்ப்பு விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறுபவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 291-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு.

மாநகராட்சிக்கும் சில வேண்டுகோள்கள். 2025 இறுதியில் உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் அரிசி அளவுள்ள அந்தச் சிப் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே. படிக்கும் கருவி இல்லாமல் அதனால் பயனில்லை. நாய் பிடிக்கும் வண்டி ஒவ்வொன்றிலும் அந்தக் கருவி இருக்க வேண்டும். வீதியில் விட்டுப்போன ராட்வைலரும் ஹஸ்கியும் யாருடையவை என்று அன்றே தெரிந்துவிடும்.

பெரிய பூங்காக்களில் ஒரு மூலையையாவது நாய்களுக்கென வேலி போட்டுப் பிரித்துத் தரலாம். ஹைதராபாத் மாநகராட்சி 2018-லேயே கொண்டாப்பூரில் 1.3 ஏக்கரில் நாய்களுக்கென்றே பூங்கா திறந்தது. அவ்வளவு இடம் வேண்டாம். 5 அடி உயர வேலி. ஒன்று மூடிய பிறகே மற்றொன்றைத் திறக்கும்படி இரட்டைக் கதவு, ஏனென்றால் நாய்கள் தப்புவதும் சண்டை மூள்வதும் கதவருகேதான். சிறிய நாய்களுக்குத் தனித் தடுப்பு. இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாய்க்கும் உணவுப் பொட்டலத்துக்கும் அனுமதியில்லை என்ற விதி. இது முடியாத சிறிய பூங்காக்களில், குழந்தைகள் அதிகம் வராத அதிகாலையில் ஒரு மணி நேரத்தைக் கயிறு கட்டிய நாய்களுக்கு ஒதுக்கி, வாசலில் மூடியுள்ள ஒரு தொட்டி, முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், பழைய நாளிதழ் போட ஒரு பெட்டி வைத்தால் போதும். தொட்டியைத் தினமும் காலி செய்யும் பொறுப்பையும், பணியாளருக்குக் கையுறை வாங்கும் செலவையும் அந்தப் பகுதியில் நாய் வளர்ப்போரிடமே ஒப்படைக்கலாம். உரிமம் வழங்கும்போதே வார்டு வாரியாக எங்கள் எண்களை வாங்கி வைத்துக்கொண்டு முறை போட்டுக் கூப்பிடட்டும், வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் நாய் வளர்ப்போரும் பயிற்சியாளர்களுமான வாசகர்கள் சிலர்